ஊறவைத்த கருவாடு

1974ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, பதுளையில் எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தவர்கள் ஐவர்: நான், என் மனைவி பலீலா, மகள் ஸுபைரா, தம்பி இத்ரூஸ், ஸுபைராவைத் தன் மகனுக்குக் கேட்டுப் பண்டாரவளையிலிருந்து வந்திருந்த றஷீதா உம்மா. வேறு யாரும் இல்லை.

பெண் பார்க்க வருபவர்கள் அடுப்படியையும் பார்ப்பது எங்களுக்குள் வழக்கம். அன்று காலை பலீலா, எங்கள் கடைக்குத் திருகோணமலையிலிருந்து வந்த கருவாட்டில் கொஞ்சம் எடுத்து, உப்புக் கழியச் சட்டியில் ஊறவைத்திருந்தாள். அதில் ஒன்று கன்னங்கறுப்பு. பற்கள் வெளியே நீண்டிருந்தன. நெற்றியில் ஒரு தண்டும், அதன் நுனியில் ஒரு மணியும் இருந்தன. ஆழ்கடல் சாதி என்று இத்ரூஸ் சொன்னான்.

றஷீதா உம்மா மூடியைத் திறந்தபோது அது நீந்திக்கொண்டிருந்தது. நெற்றி மணி விளக்காய் எரிந்தது.

"உசிரோடயா ஈக்குது?" என்று கேட்டார்.

"கருவாடுதான் மாமி. காஞ்சு மூணு மாசம்," என்றான் இத்ரூஸ். "எங்கட ஊட்டுல வெளக்குக்கு எண்ணெ வாங்குறல்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஸுபைராவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் தவறியிருந்தன. இதுவும் முறிந்தால் இனி எவரும் எங்கள் படியேற மாட்டார்கள்.

றஷீதா உம்மா சட்டியை மூடினார்.

"புள்ளைய தாங்க. இத தர வாணாம்," என்றார்.

மீனை அனுப்புவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் நிக்காஹ் நடந்தது.

மீனை மகளோடு அனுப்பி நான் வாக்குத் தவறிவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். எங்களுடையது இன்றும் எங்கள் சட்டியில்தான் இருக்கிறது. ஸுபைராவின் பண்டாரவளை வீட்டுக் குடத்தில் இருப்பது வேறொன்று. அதன் விளக்கு சிறியது.