தேறாத பெட்டி

பெட்டி மறுபடியும் வாயைப் பிளந்துகொண்டது.

"போன வாரம்தானேப்பா ஒட்டிட்டு வந்தீங்க?" என்று மகள் இடுப்பில் கை வைத்தபடி கேட்டாள். அப்பா போர்வைக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சினார்.

"பழைய அட்டை, அது என்ன பண்ணும் பாவம்! நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

அம்மாவின் தொப்பிப் பெட்டி அது. வட்டமாக, நீலப் பூப்போட்ட துணி ஒட்டி, தூக்குவதற்கு ஒரு தோல் வாரோடு இருக்கும். அம்மா போன மறு மாதமே தொப்பிகளையெல்லாம் அப்பா உறவுக்காரப் பெண்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டார். காலிப் பெட்டி மட்டும் அலமாரிக்கு மேலே வருடக்கணக்கில் கிடந்தது. போன மழையில் கூரை ஒழுகி நனைந்ததிலிருந்துதான் இந்தக் கூத்து.

ஒரு தடவை மூடி கழன்றது. அதை ஒட்டினால் அடிப்பக்கம் பிரிந்தது. இப்போது துணியும் பிரிந்து, வாரும் அறுந்து தொங்கியது. காலமெல்லாம் ரயில் ஓட்டிய மனிதர், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கைக்குழந்தையைப் போல அதை அணைத்துக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்கு நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மகளுக்குப் பாவமாக இருக்கும்.

"இதைத் தூக்கிப் போட்டாத்தான் அப்பா அம்மாவை நினைச்சு உருகறதை நிறுத்துவாரு" என்று கணவனிடம் புலம்பினாள்.

"மாமா எங்க உருகறாரு? காலையில குளிக்கும்போது பாட்டெல்லாம் தூள் பறந்துச்சே!"

"உங்களுக்கு ஒண்ணும் புரியாது."

அப்பாவுக்குக் காய்ச்சல் அடித்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று. "நீங்க படுங்க. நான் வேலைக்குப் போற வழியில குடுத்துடறேன்" என்று பெட்டியைக் கையில் எடுத்தாள்.

அப்பா படக்கென்று எழுந்து உட்கார்ந்தார். "நீ எதுக்கு பாப்பா? ரெண்டு நாள் போகட்டும், நானே போறேன்!"

பாவம், நான் எறிந்துவிடுவேன் என்று பயப்படுகிறார் என்று நினைத்தாள். அவர் பயந்ததிலும் தப்பில்லை. தெருமுனைக் குப்பைத் தொட்டி வரை அந்த எண்ணத்தோடுதான் நடந்தாள். தொட்டியின் மூடியைத் திறந்து பெட்டியைத் தூக்கியும் விட்டாள். நீலப் பூக்களைப் பார்த்ததும் கை இறங்க மறுத்தது. அம்மா ஆசை ஆசையாகத் துடைத்து வைத்த பெட்டி.

சரி, கெட்ட பெயர் நமக்கெதற்கு, கடைக்காரியே சொல்லட்டும் என்று கடையைப் பார்த்து நடையைக் கட்டினாள்.

கடை முழுக்கப் பசை வாசனை. சுவரோரம் தோல் பெட்டிகளும் வயலின் உறைகளும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நடுவில் ஒரு தடித்த ஆசாமி தன் பயணப் பெட்டிமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். "பூட்டுக்குச் சாவி தொலைஞ்சு போச்சு, அதுக்குத்தான் வந்தேன். மத்தபடி இந்தம்மா ஒட்டினது இத்தனை வருஷமா ஒரு நூல் பிரியலை!" என்று தானாகவே சான்றிதழ் கொடுத்துவிட்டு, புதுச் சாவியோடு கிளம்பினார்.

கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள். நரைத்த தலையில் பென்சில் செருகியிருந்தது. கணவரை இழந்து பல வருடமாகத் தனியாகக் கடை நடத்துபவள் என்று அப்பா ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

"அவர் வரலையா?" என்றாள், பெட்டியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து.

"அப்பாவுக்குக் காய்ச்சல்."

"அச்சச்சோ! மருந்து சாப்பிட்டாரா? வெந்நீர் குடிக்கச் சொல்லும்மா."

மகள் பெட்டியை மேசைமேல் வைத்து, ஒரே மூச்சில் கொட்டினாள். "நீங்க தப்பா நினைக்கக் கூடாது. இது தேறாது, தூக்கிப் போடுங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா அப்பா கேட்டுக்குவாரு. எங்கம்மா ஞாபகத்துல இதைக் கட்டிக்கிட்டு அழறாரு. பார்க்க முடியலை."

கடைக்காரம்மா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அறுந்த வாரை மட்டும் விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்தது.

மகளும் வாரைப் பார்த்தாள். அவள் முடிவெட்டும் தொழில் செய்பவள். கத்தரி பட்ட இடம் அவள் கண்ணுக்குத் தப்பாது. தானாக அறுந்த தோல் பிசிறு பிசிறாக நிற்கும். இதுவோ கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது. முந்தாநாள் தன் கத்தரி திடீரென்று மழுங்கிப்போனதும் நினைவுக்கு வந்தது.

இஸ்திரிச் சட்டை. குளியலறைப் பாட்டு. 'நீ எதுக்கு பாப்பா?'

அட, அப்பா!

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். ஏனோ கண்ணும் லேசாகக் கலங்கியது. அம்மா இருந்திருந்தால் அவள்தான் முதலில் சிரித்திருப்பாள்.

"அப்போ... தூக்கிப் போடச் சொல்லிடட்டுமா?" என்று கடைக்காரம்மா மெதுவாகக் கேட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஐயய்யோ, வேண்டாம் வேண்டாம்! ஒட்டிடுங்க!" என்று மகள் பதறினாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, சற்றே தயங்கி, மேசைமேல் குனிந்தாள்.

"ஒரு சின்ன உதவி. ரொம்பக் கெட்டியா ஒட்டிடாதீங்க."

கடைக்காரம்மா தலையை நிமிர்த்தாமல் பசையைக் கலக்கினாள்.

"எப்பவும் அப்படித்தாம்மா ஒட்டுறேன்."