வாடினதும் எடுக்க வேண்டிய பூ

லோகாம்பாள் சுகாசினியின் தலையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

மல்லிகை இன்னும் வாடவில்லை.

தலையை அவளிடம் கொடுத்துவிட்டு, சுகாசினி சுவரில் இருந்த புருஷன் சிவபாலனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தின் கண்ணாடியில் மின்விசிறி சுற்றியது.

அவன் கருமாதியன்று சுகாசினியின் தலைப்பூவை எடுக்கப் பெண்கள் எழுந்தபோது, தடுத்தவள் நாத்தனார் லோகாம்பாள்தான். யாரும் கை வைக்க வேண்டாம், தானாக வாடட்டும், வாடினதும் எடுத்துவிட்டு, அதோடு பூ வைப்பதையே விட்டுவிடட்டும் என்றாள்.

சிவபாலனின் தாய்மாமன் வீராசாமி இதைப் பெரும் புரட்சி என்று ஒப்புக்கொண்டு இலை போடச் சொன்னார்.

அது சிவபாலன் வளர்த்த செடியில் பூத்த பூ என்பதை அவர் யோசிக்கவில்லை. மரபணுவை மாற்றி வாடாத மல்லிகை செய்வதுதான் ஏனாத்தூர்ப் பக்கத்து ஆய்வகம் ஒன்றில் அவன் வேலை. லாரி மோதும்வரை செய்தான்.

ஒரு மாதமாகிறது. பூ வாடிவிட்டதா என்று பார்க்க, வீராசாமி தினமும் காலையும் மாலையும் தறியை விட்டு எழுந்து வருகிறார்.

"இன்னாம்மா இது? சாயங்காலம் தொங்கிப்போவுது, காலையில பாத்தா வெறப்பா நின்னுக்கினு இருக்குது!"

"ராத்திரி தூங்கி எழுந்துக்குது மாமா. எல்லாம் ஜீனு," என்றாள் லோகாம்பாள். "உங்க ஜரிகைதான் கறுத்துப்போவும். எந்தம்பி பூவு கறுக்காது."

வீராசாமிக்கு விஞ்ஞானத்தை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. காபி டம்ளரோடு வாசலுக்குப் போனார்.



உண்மையில் அந்தச் செடி தோற்றுவிட்டது. எல்லா மல்லிகையையும் போல மறுநாளே பழுத்துவிடுகிறது. அதைச் சிவபாலன் சுகாசினியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான்.

பால் வாங்கும் சாக்கில் நாலு தெரு தள்ளிப் போய், தன்னைத் தெரியாத பூக்காரியிடம் ஒரு முழம் வாங்கி, குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தினமும் மாற்றுகிறாள். இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

லோகாம்பாளின் விரல் பூச்சரத்தின் முடிச்சில் நின்றது. வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு, சுகாசினியின் காதருகே குனிந்தாள்.

"நேத்து வரைக்கும் வாழநாரு. இன்னைக்கி நூலுல கட்டினத வாங்கிக்கினு வந்திருக்கிற. மாமா நெசவுக்காரரு சுகா, நூலுன்னா கண்டுபுடிச்சிடுவாரு. நாளைக்கி பாத்து வாங்கும்மா."