காது மடங்கிய பூனை

"மறுபடியும் வந்துடுச்சு பாருங்க, அந்தப் பூனை" என்று போனைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள் தையல்காரி.

ஃபேஸ்புக்கில் அவள் கடைக்கு ஒரு பக்கம் இருந்தது. அதில் லைக் போடுவதெல்லாம் சொந்தக்காரர்கள். லைக் போடுவார்களே தவிர, ஒரு பட்டன் தைக்கக்கூட கடைப்பக்கம் வரமாட்டார்கள். ஆட்கள் வருவது ஊர்க்காரர்கள் எட்டாயிரம் பேர் இருக்கும் குழுவிலிருந்துதான். அங்கே வாரத்துக்கு ஒரு விளம்பரம் போடலாம். அவள் போட்ட ஐந்தாவது நிமிடம், காது மடங்கிய பூனைப் படத்தோடு ஒரு பேர்வழி ஆஜராகிவிடும்.

இன்றைய கேள்வி: "கோட்டைச் சின்னதாக்கித் தருவேன்னு போட்டிருக்கீங்க. பாக்கெட் முதுகுப் பக்கம் போயிடாதா?"

போன வாரம்: "ஜிப்புக்கு நல்ல ரன்னர் போடுவீங்களா, இல்ல ரெண்டே நாள்ல பல்லிளிக்கிற ரன்னரா?"

அதற்கு முந்தின வாரம்: "ஜீன்ஸ் நீளத்தைக் குறைச்சா அடியில இருக்கிற பழைய ஓரம் அப்படியே இருக்குமா? எனக்கு நம்பிக்கையில்ல."

"கேட்டா பதில் சொல்லிட்டுப் போயேன்" என்றார் கணவர்.

"சொல்லாம என்ன? ஓரத்தை வெட்டாம மேல தூக்கி மடிச்சுத் தைக்கிறதை மூணு போட்டோ எடுத்துப் போட்டேன். உடனே, 'துவைச்சா பிரிஞ்சுடாதா?'ன்னு அடுத்த கேள்வி. எட்டாயிரம் பேர் முன்னாடி மானத்தை வாங்குது."

"அதைப் பார்த்துட்டுதானே நாலு பேர் ஜீன்ஸைத் தூக்கிட்டு வந்தாங்க?"

"வந்தவங்களும் பூனையைப் பத்திதான் பேசறாங்க. இது தொழில் தெரிஞ்ச ஆளுங்க. நாலு தெரு தள்ளி இருக்கிற பெரிய கடைக்காரியாத்தான் இருக்கும். அவளுக்கு அஞ்சு மெஷின் ஓடுது. அப்பவும் என் ஒத்தை மெஷின் கண்ணை உறுத்துது."

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. துணி ஃபேக்டரியில் ஒன்பது வருடம் சட்டைக்கு இடது கை மட்டுமே தைத்தவள் அவள். வலது கையை அடுத்த மெஷின்காரி தைப்பாள். ஒரு முழுச் சட்டையையாவது தைத்துவிட வேண்டும் என்றுதான் வேலையை விட்டுக் கடை போட்டாள். "ஆறு மாசம் பாரு. சரிப்படலேன்னா வந்துடு, சேர்த்துக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தார். ஐந்து மாதம் ஓடிவிட்டது. இப்போதுதான் கடை கொஞ்சம் மூச்சு விடுகிறது. அதில் போய் ஒருத்தி மண்ணைப் போடுவதா?

அன்றே பூனையை பிளாக் செய்தாள்.

அடுத்த வாரம் புதுசாகத் தைத்த சட்டை ஒன்றைப் படம் பிடித்துப் போட்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. விழுந்தது மூன்று லைக், அதில் ஒன்று அவளே போட்டது. ஒரு மணி நேரத்துக்குள் தொலைந்துபோன சாவி, வாடகைக்கு வீடு, விற்பனைக்குக் கட்டில் என்று வரிசையாக வந்து சட்டையை அடியில் தள்ளிவிட்டன. கடைக்கு ஒருத்தரும் வரவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் கணவர்கூட லைக் போட மறந்துவிட்டார்.

"அந்தப் பூனை கிளப்பிவிட்ட சந்தேகம் இப்பதான் வேலை செய்யுது" என்று அவள் முடிவு கட்டினாள்.

கெடு முடிய நான்கு நாள் இருந்தது. மறுபடியும் ஃபேக்டரிக்குப் போய் இடது கை தைக்க அவளுக்கு மனமில்லை. பெரிய கடையில் மிஞ்சுகிற வேலை ஏதாவது இருந்தால் வாங்கிவந்து தைக்கலாம் என்று, வெட்கத்தை விட்டு அங்கேயே போனாள்.

உள்ளே துணி வெட்டுகிற மேஜைமேல் ஒரு பூனை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒரு காது மடங்கியிருந்தது.

வந்த காரியம் மறந்துபோனது. ஆசை தீரக் கேட்டுவிடுவது என்று அவள் வாயைத் திறப்பதற்குள், கடைக்கார அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"வாம்மா. மூணு வாரமா உன் போஸ்ட் ஒண்ணையும் காணோமே. கடையை மூடிட்டியோன்னு நாளைக்கு நேர்லயே வந்து பார்க்கலாம்னு இருந்தேன்."

அவள் மேஜைமேல் இருந்த பூனையைக் கை காட்டினாள்.

"அந்தக் குழுவில கமெண்ட் விழ விழத்தான் போஸ்ட் மேல வரும். நல்லாத் தைக்கிறாங்கன்னு எழுதினா ஒருத்தரும் நின்னு படிக்கமாட்டாங்க. வம்புன்னா எட்டாயிரம் பேரும் எட்டிப் பார்ப்பாங்க. என் பேர்ல கேட்டா தொழில் போட்டின்னு சொல்லுவாங்க. அதான் இவன் படத்தைப் போட்டுக் கேட்டேன்" என்று பூனையின் தலையைத் தடவினாள் அக்கா. "நீயும் அசராம பதில் சொன்ன. உன் பதிலைப் படிச்சு நானே ரெண்டு விஷயம் கத்துக்கிட்டேன்."

தையல்காரி திரும்பி நின்று, அக்கா பார்க்காமல் போனை எடுத்து பிளாக்கை நீக்கினாள். கண் கலங்கியதில் பட்டன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

"எனக்குப் போய் எதுக்குக்கா இவ்வளவும்?"

"முதல் நாள் குழுவில எழுதியிருந்தியே, ஒன்பது வருஷம் இடது கை மட்டும் தைச்சேன்னு." அக்கா பூனையை மெல்ல நகர்த்தி, அதன் அடியிலிருந்து ஒரு நோட்டை உருவினாள். "நானும் ஃபேக்டரியில பதினோரு வருஷம் பட்டன் ஓட்டைக்குக் காஜா மட்டும் போட்டவ. போய் இன்னிக்கே ஒரு போட்டோ போடு. மூணு வாரத்துக் கேள்வி அப்படியே பாக்கி இருக்கு."