முகப்புப் படம்

எங்கள் நற்பணி மன்றத்தின் இணையதளத்தைப் புதிதாக யாரிடம் செய்யக் கொடுப்பது என்று கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தோம். பழையதை இலவசமாகச் செய்துகொடுத்தவன் கோபித்துக்கொண்டு விலகிவிட்டான். கடவுச்சொல்லும் அவனோடு போய்விட்டது. கம்பெனியிடம் கொடுத்துவிடலாம் என்றார் செயலாளர் தணிகாசலம். நாமே மாற்றிக்கொள்கிற மாதிரி எளிமையாக இருக்கட்டும் என்றேன் நான். அப்போது பவளக்கொடி உள்ளே வந்தார். வெள்ளத்தின்போது எங்களிடம் அரிசி வாங்கியவர். இணையதளத்தின் முகப்பில் இன்னமும் அந்தப் படம்தான்: ஒரே ஓர் அரிசிப் பையை நாங்கள் ஏழு பேரும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஓரத்தில் அவர் தலைகுனிந்து நிற்கிறார்.

“எம் பொண்ணப் பாக்க வந்த மாப்பிள வீட்டுக்காரங்க போன்ல அதக் காட்டிச் சிரிச்சாங்க சார். தூக்கிடுங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

“புது சைட் வந்ததும் தானா போயிடும்மா. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க,” என்றார் தணிகாசலம்.

பவளக்கொடி கட்டைப்பையிலிருந்து பிரிக்காத அரிசிப் பை ஒன்றை எடுத்து எங்கள் முன்னால் நீட்டினார். “அன்னிக்கு வாங்குனதுக்கு இது. இப்பவாச்சும் தூக்குவீங்களா?”

பை கனம். இரு கைகளாலும் பிடித்தபடி நின்றார். ஏழு பேரும்தான் இருந்தோம். ஒருவர் கையும் மேஜைக்கு மேலே வரவில்லை.