ஏழாவது தட்டு

"மேடம், ஏழாவது கூண்டுக்கு மட்டும் எறும்பு வரலை!" என்று பரமேஸ்வரி அக்கா கத்தியதும், கையுறைகூடப் போடாமல் ஆய்வகத்தின் எலி அறைக்கு ஓடினேன். பன்னிரண்டு கூண்டுகள், அத்தனை எலிக்கும் சர்க்கரை நோய். அடியில் மூத்திரம் விழும் தட்டுகளில் விடிந்தால் எறும்பு மொய்க்கும். கழுவிக் கழுவி அக்காவுக்கு அலுத்துவிட்டது. இன்று எறும்பு வரிசை ஏழாவதை ஒதுக்கிவிட்டு எட்டாவதுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது எலிக்குத்தான் நேற்று இன்சுலினை வாய்வழியே கொடுத்திருந்தேன். வெறும் இன்சுலினை வயிறு செரித்துவிடும் என்பதால், கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களுக்குள் பொதிந்து கொடுத்தது. நான்கு வருடமாக என்னைத் தோற்கடித்த மருந்து. "எறும்பு சாக்பீஸ்ல கோடு ஏதும் கிழிச்சீங்களா?" என்று கேட்டேன். "நான் எதுக்குக் கிழிக்கப் போறேன்? பாருங்க!" அக்கா கோபத்தோடு எட்டாவது தட்டிலிருந்து ஒரு சொட்டை எடுத்து ஏழாவதின் ஓரத்தில் விட்டார். ஓர் எறும்பு வந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு வரிசையே திரும்பியது. சொட்டு கறுத்துப் போகுமளவுக்கு மொய்த்தன. அரை விரல் தள்ளியிருந்த ஏழாவது எலியின் ஈரத்தை ஒன்றுகூடத் தொடவில்லை. அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அவர் குதிக்கவில்லை. "இதுக்கு ஊசியே போடலையா?" "இல்லக்கா, வாயிலதான்!" காலையில் தனக்குத் தானே இன்சுலின் ஊசி குத்திக்கொண்ட இடத்தை, தொப்புளுக்குக் கீழே, சேலைக்கு மேலாகத் தடவியபடி அக்கா கேட்டார்: "மிச்சம் இருக்கா, மேடம்?"