சிவப்பு மூக்குத் தோட்டா

சிவகாமசுந்தரி கறையைத் தேய்க்கவில்லை. முகர்ந்து பார்த்தாள்.

புருஷன் தேவதாஸின் காக்கிச் சட்டை. பையோரம் விரல் நுனியளவு சிவப்பு. குங்குமம் இல்லை, வெற்றிலைச் சாறும் இல்லை. போன வாரமும் இதே இடத்தில்தான் இருந்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு துவைத்துப் போட்டாளே, அவளைச் சொல்ல வேண்டும்!

குழாயடிக்கு எதிர்வீட்டில் மீனாச்சி, கெபாயாச் சட்டையும் உதட்டுச் சாயமுமாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பரம்பரையாக மலாய் பேசும் செட்டிக் கம்பத்துக்காரி. தமிழ் வராது. ஆனாலும் தேவதாஸ் அவளிடம் மலாயில் என்னமாய்ச் சிரித்துப் பேசுகிறான்!

கம்யூனிஸ்டுகளைத் தேடி ரப்பர் காட்டோரம் துப்பாக்கி தூக்குகிற ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்கு உதட்டுச் சாயம் எங்கே கிடைக்கும்? தம்பி கருணாகரன் இருந்தால் நியாயம் கேட்டிருப்பான். அவனோ, ஊருக்குச் சொல்லிவைத்தபடி, சிங்கப்பூரில்.

ஈரச் சட்டையோடு விறுவிறுவென்று உள்ளே போனாள். அன்றைக்குப் போடுகிற சட்டை ஆணியில் தொங்கியது. பைக்குள் கையை விட்டாள். கைக்குட்டை. அதற்குள் ஏதோ கனத்தது.

பிரித்தாள். துப்பாக்கித் தோட்டா. அதன் மூக்கில் சிவப்புச் சாயம் வியர்வையில் பிசுபிசுத்தது.

ஐயோ, உதட்டுச் சாயமாகவே இருந்திருக்கக் கூடாதா! ஒற்றைத் தோட்டா வீட்டில் அகப்பட்டாலே தூக்கு என்று ஊரெல்லாம் பேசுகிற காலம்.

தேவதாஸ் வாசற்படியில் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"காட்டுல யாருக்குங்க குடுக்கறீங்க இத?"

"யாருக்கும் இல்ல, சுந்தரி. செவப்பு மூக்கு வர்றத மட்டும் கழட்டி, உஜோங் பாசிர் கடல்ல வீசிருவேன்."

ஐந்து தோட்டாவுக்கு ஒன்று இப்படி வருமாம். சுட்டால் நெருப்புக் கோடாகப் பறக்குமாம். யாருடைய குண்டு எங்கே போகிறது என்று பின்னால் நிற்கிற போலீஸ் சார்ஜனுக்குப் பளிச்சென்று தெரியுமாம்.

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது!"

"மத்தவன் சுடறது நேராப் போகுது. நான் சுடறது மரத்துக்கு மேல போகுது." அவன் குரலைத் தாழ்த்தினான். "காட்டுக்குப் போன கருணாகரன் எந்த மரத்துக்குப் பின்னால நிக்கிறானோ, யாருக்குத் தெரியும்?"

அவள் தோட்டாவைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

வெளியே லோரி ஹார்ன் அடித்தது. எப்போதும் வண்டியிலேயே காத்திருக்கும் சார்ஜன், இன்றைக்கு இறங்கி வந்தார். தேவதாஸின் துப்பாக்கியில் மட்டும் ஏன் நெருப்புக் கோடு வருவதில்லை என்று இரண்டு நாளாகக் குடைகிறாராம்; கிசுகிசுத்தான் அவன்.

சிவகாமசுந்தரி தோட்டாவைச் சேலை மடியில் செருகவும் அவர் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. அவர் கண் நேரே ஈரச் சட்டைக்குப் போனது.

"என்னம்மா அது, பையில செவப்பு?"

அவள் சட்டையை விரித்துத் தேவதாஸின் முகத்தில் விட்டெறிந்தாள். கஜா பெராங் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"நல்லாக் கேளுங்க சார்ஜன்! எவளோட உதட்டுச் சாயம்னு நீங்களே கேளுங்க!"

லோரியிலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சார்ஜனும் சிரித்துவிட்டார். மீனாச்சி குவளையும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

தலைகுனிந்து தேவதாஸ் லோரியில் ஏறினான்.

கத்திக்கொண்டே அழத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. மடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, லோரி தெருமுனை தாண்டும்வரை அவனைத் திட்டித் தீர்த்தாள்.