கேள்வி எழுதியவர்

"ஏம்மா, நீயுமா அப்ளிகேஷன் போட்டிருக்கே?" என்றார் தலைவர்.

"ஆமாங்க சார். ரெண்டு வருஷமா பொறுப்பு இயக்குநரா நான்தானே குப்பை கொட்டறேன். அந்தப் 'பொறுப்பு'ங்கிற வார்த்தையை எடுத்துட்டு வேலையை எனக்கே குடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்" என்றார் நர்ஸம்மா.

முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் மூன்று பேர். தலைவர், வக்கீல், டாக்டர். வருஷத்துக்கு நாலு தடவை கூடுவார்கள். அதில் மூன்று தடவை டாக்டர் வர மாட்டார்.

வக்கீல் செருமினார். "அதாவது, சட்டப்படி பார்த்தா ஒரு சிக்கல் இருக்கு. இன்டர்வியூவுக்குக் கேள்வி எழுதினதே நீங்கதான்."

"நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க?"

"இங்கே என்ன வேலை நடக்குதுன்னு எங்க மூணு பேருக்கும் தெரியாதேம்மா. வேற யாரை எழுதச் சொல்றது?" என்றார் தலைவர், நியாயமாக.

"பதிலும் எழுதிக் குடுத்தேனே சார்."

"அங்கேதான் இடிக்குது. கேள்வித்தாள் தயாரிச்சவரே பரீட்சை எழுதினா ஊர் சிரிக்கும். குழு நடுநிலைமையோட இருந்தாகணும்" என்றார் வக்கீல்.

நர்ஸம்மாவின் விண்ணப்பம் ஃபைலின் அடிக்குப் போனது. மார்க்கைக் கூட்டிச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே என்று, அவரை மட்டும் ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தவர் ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சியாளர். "முதியோர்கள் முதியோர்கள் அல்ல, அனுபவத்தின் அணைக்கட்டுகள்!" என்று ஆரம்பித்தார். அணைக்கட்டு இருபது நிமிஷம் திறந்திருந்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு.

அடுத்து வந்தவர் ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். பளபள ஷூ. ஆறு பக்கத்துக்கு பயோடேட்டா.

டாக்டர் கேள்வித்தாளைப் படித்தார். "சாப்பிட மாட்டேன்னு ஒருத்தர் தட்டைத் தள்ளி விடறார். அவர்கிட்ட முதல்ல என்ன கேட்பீங்க?"

"தெரியலைங்க."

டாக்டர் விடைத்தாளைப் பார்த்தார். 'பல் வலிக்கிறதா என்று.'

"அட, ஆமால்ல!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ஒருத்தர் தினமும் வீட்டுக்குப் போறேன்னு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பறார். என்ன பண்ணுவீங்க?"

"தெரியலைங்க. என்ன பண்ணணும்?"

"கேள்வி கேட்கிறது நாங்க" என்றார் வக்கீல்.

விடைத்தாளில் இருந்தது: 'பெட்டியை நாம் வாங்கிக்கொண்டு தெருமுனை வரை கூடவே நடக்க வேண்டும். எனக்குக் கால் வலிக்கிறது, திரும்பலாமா என்று நாம்தான் கேட்க வேண்டும்.'

பத்துக் கேள்விகள். பத்துக்கும் "தெரியலைங்க."

"பூஜ்யம்" என்றார் நர்ஸம்மா, கூட்டிப் பார்த்துவிட்டு.

"ஷூவைத் துடைச்ச நேரத்துக்கு நாலு வரி படிச்சிருக்கலாம்" என்று தலைவர் வக்கீலின் காதைக் கடித்தார். பிறகு, வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல், "சரி, கடைசியா ஒண்ணு. இந்த வேலையைக் குடுத்தா முதல் நாள் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டு வைத்தார்.

"இந்தக் கேள்வியெல்லாம் எழுதினது யாருன்னு விசாரிப்பேன். அவங்களைக் கூட்டிட்டு வந்து என் நாற்காலியில உட்கார வெச்சுட்டு, நான் வீட்டுக்குப் போயிடுவேன்."



டாக்டர் விடைத்தாளை முன்னும் பின்னும் புரட்டினார். "இதுக்குப் பதில் இதுல இல்லையே!"

தலைவர் ஓரத்து நாற்காலிப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் போடலாம்?"

"அந்த ஒரு கேள்வி மட்டும் நான் எழுதினதில்லைங்க சார்" என்றார் நர்ஸம்மா. "நீங்க கேட்டது. மார்க்கையும் நீங்களே போடுங்க."